பைக்காராவில் படகு சவாரி: குறிஞ்சி நிலத்து நீரும் துறையும்

ஆய்வுச் சுருக்கம்

நீலகிரியின் பைக்காரா நீர்த்தேக்கத்தில் புதுமணத் தம்பதியரும் பிறரும் மேற்கொள்ளும் படகு சவாரியை, அகத்திணை மரபில் நீரும் காதலும் கொண்டுள்ள உறவின் பின்னணியில் வைத்து இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. சங்கப் பாடல்களில் குறிஞ்சிக்குரிய நீர் அருவியும் சுனையுமே. அங்குக் காதலர்க்குத் துணையாவது புணை, படகன்று. பைக்காராவில் படகு ஓட முடிவது மின்னாக்கத்துக்காக ஆறு தடுக்கப்பட்டதனால்தான். அதே ஆறு தோடர்க்குத் தெய்வம். இம்மூன்றையும் சேர்த்து நோக்காமல் பைக்காராவைக் ‘குறிஞ்சி நிலம்’ எனக் கூறி அமைவது போதாது என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: பைக்காரா, புணை, துறை, திணைமயக்கம், தோடர், படகு சவாரி.

முன்னுரை

உதகமண்டலத்திலிருந்து கூடலூர் செல்லும் சாலையில் ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் பைக்காரா அமைந்துள்ளது. புல்வெளிகளையும் சோலைகளையும், பிற்காலத்தில் நடப்பட்ட சீகை, தைல மரத் தோப்புகளையும் கரையாகக் கொண்ட அந்நீர்ப்பரப்பில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லம் இயங்குகிறது. மோட்டார் படகும் அதிவேகப் படகும் ஓடுகின்றன. சீட்டுப் பெற்று, உயிர்காப்பு மேலங்கி அணிந்து, அரைமணிக்கும் குறைந்த நேரம் நீரில் சுற்றி, ஏறிய துறையிலேயே இறங்குவது வழக்கம். வருவோருள் குடும்பங்களும் மாணவர் கூட்டமும் உண்டு. எனினும், விளம்பரங்களும் நிழற்படங்களும் முன்னிறுத்துவது புதுமணத் தம்பதியரையே.

‘தேனிலவு’ என்னும் சொல்லே ஆங்கில வழக்கின் மொழிபெயர்ப்பு. மணம் முடித்த இருவர் மலைக்கும் ஏரிக்கும் செல்வதை வெகுமக்கள் மனத்தில் பதித்ததில் திரைப்படத்துக்குப் பெரும் பங்குண்டு. ஸ்ரீதர் இயக்கி 1961இல் வெளிவந்த ‘தேன் நிலவு’ பெரும்பகுதி காஷ்மீரில் படமாக்கப்பட்டது. தால் ஏரியும் சிகாராவும் தமிழ்ப் பார்வையாளர்க்கு அதன்வழி நெருக்கமாயின. காஷ்மீர் செல்ல இயலாதவர்க்கு உதகையும் பைக்காராவும் எட்டும் தொலைவில் இருந்தன என்று கூறினால் மிகையாகாது.

உலகின் புகழ்பெற்ற உலாப் படகுகள் பலவும் முன்னர் உழைப்புப் படகுகளாக இருந்தவை. வெனிஸ் நகரத்துக் கோந்தோலா அந்நகர மக்களின் அன்றாட ஊர்தி. ஆலப்புழையின் கெட்டுவள்ளம் நெல்லும் பிற சரக்கும் ஏற்றியது. பழைய வேலை ஒழிந்தபின் அவை காதலர்க்கும் பயணிகளுக்கும் உரியவையாயின. பைக்காராப் படகுக்கு அத்தகைய முன்னோர் இல்லை. அது ஓடும் நீர்ப்பரப்பே அணையினால் உண்டானது. இவ்வேறுபாடே இக்கட்டுரைக்குத் தொடக்கப் புள்ளி.

தொன்னகரும் ஆறும்

தொன்மையான நகரொன்றில் ஆற்றோடு இணைத்துப் பாடப்பட்ட காதலைத் தேடுவோர்க்குத் தமிழில் முதலிடம் மதுரையே. இன்று முழுமையாகக் கிடைக்கும் பரிபாடல்கள் 22. அவற்றுள் எட்டு வையையைப் பற்றியவை. புதுப்புனல் வந்த செய்தி பரவியதும் ஊரே கரைக்கு ஓடுவதும், பொன்னாற் செய்த நீர்வாழ் உயிர்களின் உருவங்களை ஆற்றில் இடுவதும் அங்குக் காட்சிகள். ஆனால், வையைப் பாடல்களை வெறும் இன்பக் களியாட்டமாக வாசிப்பது பிழை. இருபதாம் பாடலில், தலைவியின் களவுபோன அணிகலனைப் பரத்தை பூண்டு வந்திருப்பது ஆற்றங்கரையில் எல்லார் முன்னிலையிலும் வெளிப்படுகிறது. ஆறு காதலரை ஒளித்து வைப்பதில்லை. ஊர்முன் கொண்டுவந்து நிறுத்துகிறது.

சிலப்பதிகாரத்தின் புறஞ்சேரி இறுத்த காதையில் இதற்கு நேர்மாறான காட்சி வருகிறது. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளுடன் வையைக் கரையை அடைகின்றனர். குதிரை, யானை, சிங்கம் ஆகியவற்றின் முகங்களை முகப்பில் கொண்ட அம்பிகள் பெருந்துறையில் நிற்கின்றன. அவற்றுள் ஒன்றிலும் அவர்கள் ஏறவில்லை. மக்கள் திரளும் துறையை விடுத்து, மரப்புணையில் ஏறித் தென்கரை சேர்கின்றனர். அவர்க்கு நேரவிருப்பதை முன்னுணர்ந்த வையை, பூவாடையால் தன் கண்ணீரை மறைத்துக்கொள்கிறாள் என்கிறார் இளங்கோவடிகள். அழகிய அம்பிகள் காத்திருக்க, எளிய புணையில் இருவரைக் கடத்துவித்தது காப்பியத் திறத்தின் உச்சம் என்பேன். அவர்கள் கடக்கும் ஆறு திரும்பக் கடக்கப்படாத ஆறு. கோவலனைப் பொறுத்தவரை அதுவே இறுதிக் கடப்பு.

புணை என்னும் சொல்

குறிஞ்சிக்கு வருவோம். கருப்பொருள்களுள் நீரையும் ஒன்றாக வகுத்த நாற்கவிராச நம்பி, குறிஞ்சிக்கு அருவியையும் சுனையையும் உரிமையாக்குகிறார். இரண்டிலும் படகுக்கு இடமில்லை. தோணியும் திமிலும் அம்பியும் பெரிதும் நெய்தலிலும், நீர் பரந்தோடும் நாட்டிலும் இயங்குபவை.

குறிஞ்சிப் பாடல்களில் வருவது புணை. சிறைக்குடி ஆந்தையார் பாடிய குறுந்தொகை 222இல், தலைவியும் தோழியும் ஒரே புணையைப் பற்றி நீராடுகின்றனர். ஒருத்தி தலைப்பக்கம் பற்றினால் மற்றவளும் அப்பக்கமே. கடைப்பக்கம் பற்றினால் கடைப்பக்கமே. புணையைக் கைவிட்டு ஒருத்தி நீரோடு போனால் மற்றவளும் உடன் போவாள். இதைக் கண்ட தலைவன், தோழியின் துணையின்றித் தலைவியை அடைய இயலாது எனத் தெளிகிறான். புணை இங்கு விளையாட்டுக் கருவி மட்டுமன்று. இருவர் உறவை மூன்றாமவனுக்குப் புலப்படுத்தும் சான்று.

புணை என்பதற்குத் தெப்பம் என்ற பொருளோடு பற்றுக்கோடு, துணை, பிணை என்னும் பொருள்களும் உண்டு. நாணையும் நல்லாண்மையையும் புணையாக்கி, காமத்தை அவற்றை அடித்துச் செல்லும் வெள்ளமாக்கிய வள்ளுவர் (குறள் 1134) இப்பொருள் வளத்தை நன்கு அறிந்து பயன்படுத்தியுள்ளார். புணை மூழ்காமல் காக்கும். ஆனால், பற்றிய கை தளர்ந்தால் பயனில்லை. படகில் அமர்ந்திருப்பவர் எதையும் பற்ற வேண்டியதில்லை. பைக்காராவில் ‘புணை’ எஞ்சியிருப்பதாகக் கொண்டால், அது செம்மஞ்சள் நிற உயிர்காப்பு மேலங்கி வடிவிலேயே இருக்கிறது. நிழற்படத்தில் அழகாக இல்லை என்று பலர் அதைக் கழற்ற முனைவதும், படகோட்டிகள் கடிந்து மீண்டும் அணிவிப்பதும் அங்கு இயல்பான காட்சி.

குறிஞ்சியில் நீர் காதலுக்கு வாயிலாவது பெரும்பாலும் இடரின் வழியே. கலித்தொகை 39இல் நீராடும் தலைவி கால் தளர்ந்து வெள்ளத்தில் அகப்பட, தலைவன் பாய்ந்து அவளைக் கரை சேர்க்கிறான். அறத்தொடு நிற்கும் தோழிக்கு இந்நிகழ்ச்சியே வாதமாகிறது. இதனையே ‘புனல்தரு புணர்ச்சி’ என்பர் இலக்கண நூலார். உயிர் காத்தவனே உரியவன் என்னும் நெறி அவ்வாதத்தின் உள்ளீடு. இடர் நீங்கிய நீரில், கட்டணம் செலுத்திப் பெறும் இணைமை வேறொரு வகையானது. அதைத் தாழ்வாகக் கருத வேண்டியதில்லை. மணத்துக்கு முன் தனித்துப் பேச வாய்ப்பில்லாத இருவர், உறவினர் கண்ணில் படாமல் முதன்முதலாக அருகமர்வது ஒருவேளை அப்படகில்தான் என்பதையும் ஆய்வாளர் மறத்தலாகாது. களவில் நிகழ்ந்தது இங்குக் கற்புக்குப் பின் நிகழ்கிறது.

தடுக்கப்பட்ட ஆறு

முக்குருத்திப் பகுதியில் தோன்றும் பைக்காரா ஆறு பீடபூமியில் வடக்கு நோக்கிச் சென்று, விளிம்பில் அருவிகளாக இறங்கி, மோயாறாகிப் பவானியில் கலக்கிறது. பவானி காவிரியில் சேர்கிறது. ஆட்டனத்தியைக் காவிரி கவர்ந்து சென்றதும், ஆதிமந்தி கரைதோறும் தேடி அலைந்ததும் சங்கப் பாடல்கள் அறிந்த செய்தி. பைக்காராவின் நீரும் இறுதியில் சேர்வது அந்த ஆற்றிலேயே.

இவ்வாற்றின் செங்குத்தான இறக்கம் சென்னை மாகாண மின்பொறியாளர்களின் கண்ணை ஈர்த்தது. எச். ஜி. ஹோவர்டு மின்துறையின் தலைமைப் பொறியாளராக இருந்த காலத்தில் 1929இல் பணி தொடங்கி, 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கிளன்மார்கனிலிருந்து குழாய்கள் வழியே நீர் ஏறத்தாழ 3000 அடி இறங்கிச் சிங்காராவில் சுழலிகளை இயக்குகிறது. அம்மின்சாரம் கோயம்புத்தூர்ப் பஞ்சாலைகளின் பெருக்கத்துக்குத் துணைநின்றது. கூடுதல் நீரைத் தேக்க முக்குருத்தி அணை 1938இல் கட்டப்பட்டது. சிங்காராவில் பயன்பட்ட நீரையே மீண்டும் பயன்படுத்தும் மோயாறு மின்நிலையம் 1952இல் வந்தது. ஒரே நீர் இருமுறை உழைக்கிறது. அதற்கும் முன்னர், மேலே தேங்கி நிற்கையில், படகுகளையும் சுமக்கிறது.

ஆகவே, பயணிகள் ‘பைக்காரா ஏரி’ என்று வழங்குவது ஏரியன்று, நிறுத்திவைக்கப்பட்ட ஆறு. அதன் நீர்மட்டம் மழையை மட்டும் பொறுத்ததன்று; மின்தேவையையும் பொறுத்தது. கோடை விழாவுக்கு மக்கள் திரளும் ஏப்ரல், மே மாதங்கள் மழைக்கு முந்தையவை. அப்போது நீர் குறைந்து, செம்மண் கரை பட்டையாக வெளிப்பட்டிருப்பதைக் காணலாம். புதுப்புனல் வந்ததும் ஆற்றுக்கு ஓடிய மதுரை மாந்தரோடு ஒப்பிட்டால் பருவம் தலைகீழாகியுள்ளது.

தொல்காப்பியர் திணைகள் மயங்குதலை விலக்கவில்லை. பூவும் புள்ளும் வேற்று நிலத்தில் வந்து தோன்றினால், வந்த நிலத்தின் பொருளாகவே அவற்றைக் கொள்ளவும் இடந்தருகிறார். ஆனால், நிலங்கள் தம்முள் ஒருங்கு மயங்குவதில்லை என்பதையும் உடன் கூறுகிறார். பைக்காராவில் வேற்று நிலத்துப் படகு வந்தது மட்டுமே நிகழ்ந்திருந்தால், அதை முதல்வகை மயக்கமாக அமைத்துக் கூறிவிடலாம். இங்கு மாறியது முதற்பொருள். அருவிக்கு மேலே ஓடிய ஆறு பரந்த நீர்நிலையாகி, அதன்பின்னரே படகு வந்தது. முதற்பொருளை மனிதர் மாற்றியமைக்கக்கூடும் என்னும் நிலையை நம் திணைக் கோட்பாட்டு ஆய்வுகள் இன்னும் போதிய அளவு எதிர்கொள்ளவில்லை. கருத்தரங்கக் கோவைகளில் ‘நீலகிரி குறிஞ்சி நிலம்’ என்ற தொடர், ஆராயப்பட்ட முடிவாக அன்றி முகவரியாகவே வருகிறது.

கடக்கத் தயங்கும் துறை

இம்மலையில் அவ்வாற்றைக் காலங்காலமாக அறிந்தவர் தோடர். (அண்டை வாழும் படகர் என்னும் இனப்பெயர்க்கும் படகுக்கும் தொடர்பில்லை, அது ‘வடக்கர்’ என்னும் பொருளது.) 1901-02இல் நீலகிரியில் களப்பணி செய்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட ‘தி தோடாஸ்’ நூலில், பைக்காராவும் அவலாஞ்சியும் தோடர்க்குத் தெய்வ ஆறுகள் என்பதைப் பதிவுசெய்துள்ளார். அவற்றைக் கடக்கும் தோடர் வலக்கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து மதிப்புக் காட்டுவர். புனித எருமைப் பாலகத்தின் பூசகராகிய பாலோல் பாலத்தின் வழியே ஆற்றைக் கடத்தலாகாது. அவர்க்கென வரையறுத்த துறைகளில் இறங்கியே கடக்க வேண்டும். இறந்தோர் செல்லும் உலகின் வழியிலும் ஓர் ஆறு உண்டு. அதன்மேல் நூலே பாலம். வாழ்நாளில் பிறரோடு பகை வளர்த்தவர் அறுந்து விழ, அட்டைகள் கடிக்கும் என்பது அவர்தம் நம்பிக்கை.

தமிழில் ‘துறை’ என்பது ஆற்றில் இறங்கும் இடம். பாடலின் பொருட்கூறும் அதுவே. இரு பொருளும் தோடரிடத்து ஒருங்கே அமைகின்றன. எந்த இடத்தில், யார், எம்முறையில் இறங்கலாம் என்னும் ஒழுங்கே அவர்தம் ஆற்றின் இலக்கணம். படகு இல்லத்தின் துறையோ சீட்டுப் பெற்ற எவரும் ஏறக்கூடியது; மறுகரை இல்லாதது. ஒருவர்க்கு வணங்கிக் கடக்க வேண்டிய நீர், மற்றவர்க்குக் கடக்கவே தேவையற்ற நீர். இவ்விரண்டும் ஒரே பரப்பின்மீது இன்று நிகழ்கின்றன. அங்குள்ள அறிவிப்புகள் மேலங்கியையும் கட்டணத்தையும் சொல்கின்றன. ஆற்றின் தெய்வத்தன்மை குறித்து ஒரு வரியேனும் இருந்தால் படகு சவாரியின் இன்பம் குறைந்துவிடாது.

தமிழ்த்துறை ஆய்வாளர் உடனே செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. மரே எமனோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் களப்பணி செய்து திரட்டிய தோடர் பாடல்கள் 1971இல் ‘தோடா சாங்ஸ்’ என்னும் பெருநூலாக வெளிவந்தன. மின்நிலையம் இயங்கத் தொடங்கி மூன்றாண்டுக்குள் தொடங்கி, முக்குருத்தி அணை எழுந்த ஆண்டு வரை அக்களப்பணி நீள்கிறது. தோடருள் எவரும் பாடல் புனைய வல்லவர் என்பதும், இணைத்தொடர்களாக அமையும் அப்பாடல்களில் இடப்பெயர்கள் மிகுதி என்பதும் எமனோ காட்டியவை. அப்பெயர்களுள் பைக்காராவின் கரையையும் கடவுத்துறைகளையும் குறிப்பவற்றைத் தொகுத்து, இன்றுள்ள மந்துகளின் முதியோரிடம் கேட்டுச் சரிபார்த்து, நீர்த்தேக்கத்தின் வரைபடத்தில் இடங்குறிக்க வேண்டும். அப்பணியில் தோடர் இளைஞர் இணையாசிரியராக இருத்தல் வேண்டும். தகவலாளியாக மட்டும் அன்று.