உணவுப் பொதியும் இடரின் எடையும்



வெம்பக்கோட்டை வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு வெடிமருந்தின் இயல்பை நான் விளக்க வேண்டுவதில்லை. மருந்து கேடு விளைக்க வல்லது. ஆயினும், அஃது எவ்வளவு இருக்கிறது, எத்தனை பேர் நடுவே இருக்கிறது என்பதைப் பொறுத்தே இடர் பெருகும் அல்லது குறையும். கேடு என்பது பொருளின் தன்மை; இடர் என்பது அக்கேடு நேரும் வாய்ப்பும், நேர்ந்தால் விளையும் கடுமையும் சேர்ந்தது.

சிவகாசி பட்டாசுக்கு மட்டுமன்றி அச்சுத் தொழிலுக்கும் பெயர் பெற்ற ஊர். உங்களுள் சிலர் நாளை உணவுப் பெட்டிகளும் உறைகளும் அச்சிடும் தொழிலகங்களில் பொறுப்பேற்கக் கூடும். அங்கே, உணவுக்கு எவ்வெப்படியில் என்ன கேடு நேரலாம் என்று ஆராய்ந்து, காவல் திட்டம் எழுதவேண்டிவரும். 'ஹேசப்' என வழங்கும் இம்முறை, 1960-களில் அமெரிக்க விண்வெளி வீரர்களின் உணவுக்காக உருவானது. முடிந்த பண்டத்தைச் சோதித்தால் மட்டும் போதாது. செய்யும் ஒவ்வொரு படியிலும் காவல் வேண்டும் என்பதே அதன் கரு.

இனி, இடரை எடைபோடுவது எவ்வாறு?

முதல் முறை மதிப்பெண் முறை. வாய்ப்புக்கு 1 முதல் 5 வரை, கடுமைக்கு 1 முதல் 5 வரை எண் இட்டுப் பெருக்குவர். இஃது எளிது, ஆனால் ஏமாற்றவும் வல்லது. பெட்டியில் காகிதத் தூசி அடிக்கடி படிகிறது: 5 பெருக்கல் 1, விடை 5. உறைக்குள் கத்தி அலகின் துண்டு மிக அரிதாக விழுகிறது: 1 பெருக்கல் 5, விடையும் 5. எண்கள் சமம், குழந்தையின் தொண்டைக்கு அவை சமமா? 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆலை வெடிப்பது அன்றாட நிகழ்ச்சியன்று என்பதற்காக அதனைச் சிறிதென்று கொள்வோமா? ஆகவே, கடுமை 5 எனில், பெருக்குத்தொகை எதுவாயினும் காவல் வேண்டும்.

இரண்டாவது முறை, பிழையைக் கண்டுபிடிப்பது எவ்வளவு அரிது என்பதற்கும் ஓர் எண் சேர்ப்பது. இயந்திரக் கோளாறுகளை ஆராய இது பொருந்தும்.

மூன்றாவது, வினா வரிசை. "இதற்குப் பின்வரும் படி ஏதேனும் இக்கேட்டை நீக்குமா?" என்பது அதில் ஒரு வினா. பொதித் தொழிலில் விடை பெரும்பாலும் 'இல்லை' என்பதே. பெட்டியை எவரும் கழுவிப் பயன்படுத்துவதில்லை. இவ்வரிசை இடரின் அளவைச் சொல்லாது. காவல் நிற்கவேண்டிய இடத்தைச் சொல்லும்.

அளக்கக் கூடியதை மதிப்பெண்ணால் ஊகித்தல் கூடாது. பிளாஸ்டிக் பொதியிலிருந்து உணவுக்குள் கசியும் பொருள்களின் மொத்த அளவு, கிலோவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது 2018-ஆம் ஆண்டின் இந்திய விதி. அங்கே ஆய்வுக்கூடச் சோதனையே சான்று. உணவின் தன்மையையும் நோக்குக. கொழுப்பு மிகுந்த திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கும் உலர்ந்த அவலுக்கும் ஒரே உறை ஒரே இடரைத் தராது. மையிலுள்ள சில வேதிப்பொருள்கள் கொழுப்பில் எளிதில் கரையும்.

எம்முறையாயினும், பட்டியலில் எழுதாத கேட்டை அது எடைபோடாது. 2005-இல் இத்தாலியில், குழந்தைகளுக்கான பாலில் அச்சு மையின் வேதிப்பொருள் காணப்பட்டு, ஏறத்தாழ 3 கோடி லிட்டர் பறிமுதலாயிற்று. மை பொதியின் வெளிப்புறத்தில்தான் இருந்தது. அச்சிட்ட தாளைச் சுருளாகச் சுற்றும்போது ஒரு சுற்றின் வெளிப்புறம் அடுத்த சுற்றின் உட்புறத்தைத் தொடும்; அவ்வழியே மைப்பொருள் உள்ளே ஒட்டியது. அந்த அளவால் உடல்நலத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு பின்னர்க் கூறிற்று. எனினும், 'புறத்தேயுள்ள மை அகத்தே வாராது' என்று எண்ணுவோர்க்கு இஃது ஒரு பாடம்.

விடையை மட்டும் எழுதிய கணக்குக்கு நான் முழு மதிப்பெண் தந்ததில்லை, வழியையும் கேட்பேன். நீங்களும் அத்திட்டத்தில் 3 என்றோ 5 என்றோ எழுதும்பொழுது, அவ்வெண் எந்தச் சான்றால் வந்தது என்று அருகில் ஒரு வரி எழுதுங்கள். அவ்வரி எழுத வரவில்லையெனில், கையொப்பமிடாது, இயந்திரத்தருகே சென்று மீண்டும் பாருங்கள்.