திரை இருண்டால் பதற வேண்டாம்

வண்டூர்: சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில் அந்தமானுக்கு வந்தபின், ஜாலிபாய் தீவுக்குப் படகேறும் இவ்வூரிலும் விண்டோஸ் அப்டேட்டுகள் விரைவாக இறங்குகின்றன. கூடவே ஒரு தலைவலி! சிலருக்கு மறுநாள் காலை திரை கறுத்துக் கிடக்கிறது. சிலருக்கு எழுத்துகள் பூதாகாரமாகத் தெரிகின்றன.

உடனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் பஸ் ஏறாதீர்கள். கடையில் அவசரப்பட்டு ‘ஃபார்மட்’ செய்தால், ஊருக்குப் பணம் அனுப்பிய கணக்கும் பிள்ளைகளின் படங்களும் போயே போச்சு.

பழுது பெரும்பாலும் டிஸ்ப்ளே டிரைவரில்தான். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட் பொத்தான்களுடன் ‘பி’யையும் சேர்த்து அழுத்துங்கள், ‘பீப்’ ஒலியுடன் திரை மீளலாம். எழுத்து பெருத்திருந்தால், டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரைத் திறந்து ‘ரோல் பேக் டிரைவர்’ கொடுத்துப் பாருங்கள்.

விண்டோஸின் பதிப்பே மாறியிருந்தால், பழையதற்குத் திரும்பச் சாதாரணமாக 10 நாள்தான் கெடு. சம்பளம் வரட்டும் என்று காத்திருப்பவர்கள் தேதியைக் குறித்துக்கொள்ளவும்.