குற்றவாளிக்கும் ஒரு வக்கீலா?

வைத்தியரிடமும் வக்கீலிடமும் எதையும் ஒளிக்கலாகாது என்பார்கள் நம் பெரியோர். அவ்விதமே ஒளிக்காமல், "கொலையை நான்தான் செய்தேன்" என்று கட்சிக்காரன் சொல்லிவிட்டால் வக்கீல் என்ன செய்வது?

இந்தத் தர்மசங்கடம் 1840-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் ஒரு பிரபல வக்கீலுக்கு நேர்ந்தது. அவ்வாண்டு மே மாதம் 6-ந் தேதி காலையில், வில்லியம் ரஸ்ஸல் பிரபு என்னும் முதியவர் தம் படுக்கையிலேயே கழுத்து அறுபட்டுக் கிடந்தார். அவருடைய பணியாளனான கூர்வாஸியே என்ற ஸ்விஸ் வாலிபன் மீது வழக்குத் தொடரப்பட்டது. அவனுக்காக ஆஜரானவர் சார்லஸ் பிலிப்ஸ். விசாரணை நடந்துகொண்டிருக்கையில், காணாமற் போன வெள்ளிச் சாமான்கள் ஒரு ஹோட்டலிலிருந்து வெளிப்பட்டன. உடனே கைதி தன் குற்றத்தை வக்கீலிடம் ஒப்புக்கொண்டான். ஆயினும் கடைசி வரையில் தனக்காக வாதாட வேண்டுமென்றும் வற்புறுத்தினான்.

பிலிப்ஸ் கலங்கிப் போனார். விலகிவிட எண்ணி, நீதிபதிகளுள் ஒருவரான பார்க் என்பவரிடம் யோசனை கேட்டார். கைதி விரும்பும் வரையில் வாதாடுவதே கடமை என்றும், சாட்சியத்திலிருந்து எழும் நியாயமான வாதங்கள் அனைத்தையும் சொல்ல வேண்டும் என்றும் விடை கிடைத்தது. பிலிப்ஸ் வாதாடினார். ஜூரிகளோ குற்றவாளி என்றே தீர்மானித்தார்கள். ஜூலை 6-ந் தேதி கூர்வாஸியே தூக்கிலிடப்பட்டான்.

பிலிப்ஸை ஊரார் பல்லாண்டு தூற்றினர். வாதாடியது தவறென்று நாம் கருதவில்லை. ஆனால் வழக்கைக் கேட்டுக்கொண்டிருந்த நீதிபதியிடமே கட்சிக்காரனின் ரகசியத்தை உடைத்தது தவறு. எதிர்க்கட்சியின் சாட்சியத்தைச் சோதிக்க வக்கீலுக்கு உரிமையுண்டு; தாம் பொய்யென்று அறிந்ததை மெய்யென்று சொல்லவோ, நிரபராதியின் தலையில் பழியைச் சுமத்தவோ உரிமையில்லை.

"குற்றத்தை ஒப்புக்கொண்டவனுக்கு வாதம் எதற்கு?" என்று நேயர்கள் கேட்கலாம். ஒப்புதல்களெல்லாம் உண்மையானவை அல்ல என்பதை நம் ராஜதானியே உலகுக்குக் காட்டியிருக்கிறது. 1855-இல் சென்னையில் வெளியான சித்திரவதை விசாரணைக் கமிஷனின் அறிக்கை, கிட்டி போட்டும் அடித்தும் மக்கள் வதைக்கப்பட்ட கொடுமைகளை அம்பலப்படுத்தியது. போலீஸாரிடம் சொன்ன ஒப்புதல் சாட்சியமாகாது என்ற விதி 1861-இல் சட்டமாயிற்று. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலும் இடம் பெற்றது. 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் அது நிலைத்திருக்கிறது.

எனினும் ஒரு விலக்கு உண்டு. கைதி கொடுத்த தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதற்குரிய பகுதி மட்டும் செல்லும். சென்னை ராஜதானியிலிருந்து சென்ற ஒரு வழக்கில், 1946-இல் பிரிவி கவுன்சில் இதைத் தெளிவாக்கியது: கூரையில் ஒளித்த கத்தியை எடுத்துத் தருகிறேன் என்பது செல்லும், அதனால்தான் குத்தினேன் என்பது செல்லாது.

இந்த நுட்பத்தைக் கோர்ட்டில் எடுத்துக் காட்டுபவர் யார்? கைதியின் உடம்பில் காயம் ஏன் என்று கேட்பவர் யார்? வக்கீல்தான். "ஒப்புக்கொண்டானாமே!" என்று அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அடிக்கு அஞ்சி ஒப்புக்கொண்ட ஏழையின் கதி என்ன?

ஆகவேதான், குற்றம் செய்தானா இல்லையா என்ற சொந்த அபிப்பிராயத்தைப் பாராமல் வாதாட வேண்டும் என்று இந்திய வக்கீல் கவுன்சிலின் விதி கூறுகிறது. கோயம்புத்தூரில் ஒரு வழக்கில், குற்றஞ் சாட்டப்பட்ட போலீஸாருக்காக எவரும் ஆஜராகக் கூடாதென்று வக்கீல்கள் சங்கம் தீர்மானித்தது. அத்தகைய தீர்மானங்கள் செல்லவே செல்லா என்று 2010-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. பிறருக்கு அடித்து ஒப்புதல் வாங்குவதாகப் பழி சுமக்கும் போலீஸாருக்கும், தாமே கூண்டில் ஏறும்போது ஒரு வக்கீல் வேண்டியிருக்கிறது!

தீர்ப்புச் சொல்வது நீதிபதியின் வேலை. வக்கீலும் தம் அறையிலேயே தீர்ப்புச் சொல்லத் தொடங்கினால், கோர்ட்டுக் கதவு திறக்கு முன்பே வழக்கு முடிந்துவிடும். கொடிய குற்றம் நிகழும்போதெல்லாம், "இவனுக்கும் ஒரு வக்கீலா?" என்று கொதிக்கும் நாம் இதைச் சற்றே நினைத்துப் பார்ப்பது நலம்.