தத்துக்கு முன் ஒரு வீடு

குட்டி நாய் தத்துக்கு இருக்கிறது என்றால் உடனே நாலு பேர் கேட்டு வருவார்கள். நான்கு வயது நாட்டு நாய் என்றால் போன் வராது. வளர்ந்த நாய் வீட்டுக்குள் எப்படி நடந்துகொள்ளும், குழந்தைகளிடம் பழகுமா, தனியாக விட்டால் இருக்குமா என்று யாருக்கும் தெரியாததே முக்கியக் காரணம். காப்பகக் கூண்டில் ஓயாமல் குரைக்கும் நாய், அமைதியான வீட்டில் சுருண்டு படுத்துத் தூங்கலாம். கூண்டில் சாதுவாகத் தெரிந்தது, சாப்பாட்டுத் தட்டுக்கு அருகே ஆள் வந்தால் உறுமலாம். இதைக் கண்டறியச் சில வாரங்களோ மாதங்களோ தற்காலிகமாக வைத்து வளர்த்துத் தருபவர்கள் வேண்டும். சென்னையில் இதை ‘ஃபாஸ்டர்’ என்றே சொல்கிறார்கள்.

“நம்ம நாய் இல்லையே, கொஞ்ச நாளைக்குத்தானே” என்று நினைத்து ஒப்புக்கொள்பவர்கள் பலர். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், அந்த நேரத்தில் விலங்கைத் தன் வசம் வைத்திருப்பவரையும் உரிமையாளராகவே கருதுகிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவும் நாய் யார் வசம் இருக்கிறது என்றே கேட்கிறது. தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆகவே நாய் வருவதற்கு முன்பே மீட்பு அமைப்பிடம் ஒரு பக்க ஒப்பந்தமாவது எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மருத்துவச் செலவு யாருடையது, நள்ளிரவில் ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது, சமாளிக்க முடியாமல் போனால் எத்தனை நாளில் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். உரிமம் யார் பெயரில் என்பதும் முக்கியம். பெருநகர சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம்; உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025இல் மாநகராட்சி அறிவித்தது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்குச் சங்கத்தின் எதிர்ப்பு வரலாம். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரும்பான்மைத் தீர்மானம் போட்டாலும் நாய் வளர்க்கத் தடை விதிக்க முடியாது. லிஃப்டில் ஏற்றக்கூடாது என்றும் சொல்ல முடியாது. இப்படிப்பட்ட தடை விதிகள் செல்லாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. வாடகை வீடு வேறு கதை. வீட்டு உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்காமல் நாயைக் கூட்டி வந்தால், கடைசியில் அவதிப்படுவது நாய்தான்.

மீட்கப்பட்ட நாய் நேரே வீட்டுக்கு வரக்கூடாது. முதலில் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். உண்ணியால் பரவும் எர்லிக்கியா, பபீசியா காய்ச்சல்களை ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும். வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் இரண்டு வாரமாவது தனி அறை, தனித் தட்டு.

ரேபிஸ் விஷயத்தில் அலட்சியத்துக்கு இடமே இல்லை. அறிகுறி தெரிந்தபின் இந்த நோயிலிருந்து பிழைப்பது அரிதிலும் அரிது. நாய்க்குத் தடுப்பூசி போட்டாயிற்று என்பது முழுப் பாதுகாப்பல்ல. ஊசிக்கு முன்பே கிருமி உடலில் புகுந்திருந்தால், வாரங்களோ மாதங்களோ கழித்து நோய் வெளிப்படலாம். அதனால் இந்தப் பணியில் இறங்குபவர்கள் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. அப்படிப் போட்டவர்களுக்குக் கடிபட்டால் 0, 3ஆம் நாட்களில் இரண்டு ஊசி போதும். போடாதவர்களுக்கு அரசு மருத்துவமனையில் தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாட்கள், தோல் கிழிந்து ரத்தம் வந்த காயமென்றால் கூடவே இம்யூனோகுளோபுலின். எதுவானாலும் முதல் வேலை, குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுவது. மிளகாய்ப்பொடி, மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பக்கூடாது. ஊசி அரசு மருத்துவமனையில் இலவசம்.

புதிதாக வந்த நாய் முதல் சில நாள் பெரும்பாலும் கட்டிலுக்கு அடியை விட்டு வராது. வைத்த சோறும் கோழியும் அப்படியே காய்ந்து கிடக்கும். வீடு அடங்கிய பின் தட்டு காலியாகும். குக்கர் விசில், மிக்ஸி, தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறி எல்லாமே அதற்குப் புதிது. வழவழப்பான டைல்ஸில் கால் வழுக்கும். உறவினர்களைக் கூப்பிட்டுக் காட்டவும் குளிப்பாட்டவும் இது நேரமல்ல. மீட்புப் பணியில் இருப்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள்: பயம் தணிய மூன்று நாள், வீட்டின் நடைமுறை பிடிபட மூன்று வாரம், இது நம் வீடு என்று நம்ப மூன்று மாதம். எல்லா நாய்க்கும் பொருந்தாது என்றாலும், ஒரே வாரத்தில் “சரிப்படாது” என்று திருப்பி அனுப்ப நினைப்பவர்கள் யோசிக்க வேண்டிய கணக்கு.

தப்பி ஓடும் ஆபத்தும் இந்த நாட்களில்தான் அதிகம். கூரியர்காரர் மணி அடிப்பார். கதவு பாதி திறந்ததும் நாய் பாய்ந்துவிடும். லாரி ஹாரனுக்கு மிரண்டு பின்னோக்கி இழுத்தால் கழுத்துப்பட்டை காதைத் தாண்டிக் கழன்று கையோடு வந்துவிடும். மார்பைச் சுற்றிப் பிடிக்கும் ஹார்னஸ் ஒன்று, கழுத்துப்பட்டை ஒன்று, இரண்டுக்கும் தனித்தனிக் கயிறு, பட்டையில் தொலைபேசி எண்: முதல் மாதம் இவை இல்லாமல் வாசல் தாண்டக்கூடாது.

தத்து எடுக்க வருபவரிடம் எதையும் மறைக்கக்கூடாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எப்படியாவது ஒரு வீடு கிடைத்தால் போதும் என்ற தவிப்பில், “ஒரு தொந்தரவும் இல்லாத நாய்” என்று சொல்லிவிடுகிறார்கள். பட்டாசுக்கு நடுங்குவது, பூனையைத் துரத்துவது, எலும்பைப் பிடுங்கினால் உறுமுவது எல்லாவற்றையும் தேதியோடு நோட்டில் எழுதி, தடுப்பூசி அட்டை, கருத்தடைச் சான்றோடு சேர்த்துக் கொடுப்பதே நாய்க்குச் செய்யும் நன்மை.

தெருநாய்களைத் தத்து எடுப்பவர்கள், அவை மீண்டும் தெருவுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 உத்தரவில் சொன்னது. பசியாலும் தாகத்தாலும் வாடும் நிலையில் நாயைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்தான். ஆனால் முதல் முறைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய் மட்டுமே. இந்தத் தொகைக்குப் பயந்து யாரும் திருந்தப் போவதில்லை என்பதால், தத்து ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்: வளர்க்க முடியாமல் போனால் வேறு யாருக்கும் கொடுக்காமல், எங்கும் விடாமல், அமைப்பிடமே திருப்பித் தர வேண்டும்.

அடித்தோ விஷம் வைத்தோ கொன்றால், ஊனமாக்கினால் நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. புகார் காவல் நிலையத்தில்தான் தர வேண்டும். தேதியுள்ள படங்கள், மருத்துவர் அறிக்கை, கையெழுத்திட்ட ஒப்பந்தம் மூன்றையும் இணைத்துக் கொடுத்து, மனு ஏற்பு ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.