நிற்கும் காரில் உறுமும் என்ஜின்!
காற்று நுழையும் திருட்டு வழி எது?

கார் நிற்கிறது. சக்கரம் சுழலவில்லை. ஓட்டுகிறவர் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்துவிட்டார். ஆனாலும் என்ஜின் "உர்... உர்..." என்று உறுமுகிறது! ஏன்?

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு அடிக்கடி வரும் நோய் இது.

5 லட்சம் கார்கள்

இங்கிலாந்தில் அபிங்டன் என்ற ஊரில் 1962 முதல் 1980 வரை "எம்.ஜி.பி." என்ற ஸ்போர்ட்ஸ் கார் தயாரானது. மொத்தம் 5 லட்சத்துக்கும் மேல்! தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. ஆனால், பலர் அந்தக் காரை இன்றும் ஆசையோடு ஓட்டுகிறார்கள்.

கார் நிற்கும்போது இதன் என்ஜின் நிமிடத்துக்கு சுமார் 800 சுற்று சுற்றினால் போதும். 1,500 சுற்று சுற்றினால் அது கோளாறு.

அவசரம் வேண்டாம்

வேகத்தைக் குறைக்க கார்புரேட்டரில் ஒரு ஸ்குரூ உண்டு. பலரும் முதலில் அதைத்தான் திருகுவார்கள். அது தவறு! காய்ச்சலுக்குக் காரணம் தெரியாமல் மருந்து கொடுப்பது போன்றது.

என்ஜினுக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்து போகின்றன. காற்று செல்லும் வாசலில் ஒரு தகடு இருக்கிறது. காலை எடுத்ததும் அது மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் உறுமல்தான்.

எனவே, முதலில் ஆக்சிலேட்டர் கம்பி சிக்கியிருக்கிறதா, தகட்டை இழுத்து மூடும் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். "சோக்" குமிழ் முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

திருட்டுக் காற்று

இவை சரியாக இருந்தும் உறுமுகிறதா? ஸ்குரூவைத் தளர்த்தியும் வேகம் இறங்கவில்லையா? அப்படியானால் வேறு வழியாகக் காற்று நுழைகிறது!

பழுது பார்ப்பவர்கள் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைப்பார்கள். மறுமுனையை இணைப்புகளின் அருகே கொண்டுபோவார்கள். டாக்டர் மார்பில் குழாய் வைத்துப் பார்ப்பது போல! "உஸ்" என்ற சத்தம் ஓட்டையைக் காட்டிக்கொடுக்கும்.

இணைப்பில் சிறிது தண்ணீர் தெளித்தும் பார்க்கலாம். உறுமல் மாறினால் ஓட்டை அங்கேதான். பெட்ரோலைத் தெளிக்கவே கூடாது. சூடான என்ஜினில் தீப்பிடித்துக்கொள்ளும்!

தகட்டைத் தாங்கும் தண்டு பல ஆண்டுகள் சுழன்று தேய்ந்திருக்கலாம். அந்த இடுக்கு வழியாகவும் காற்று நுழையும். பிந்திய ஆண்டுகளில் வந்த சில கார்களில், தகட்டிலேயே ஒரு சின்ன வால்வு உண்டு. அதன் ஸ்பிரிங் தளர்ந்தாலும் இதே கதிதான்.

எங்கும் ஓட்டை இல்லை என்றால், தீப்பொறி விழும் நேரத்தைச் சோதிக்க வேண்டும். பொறி முந்தி விழுந்தாலும் வேகம் கூடும்.

விட்டால் என்ன?

அளவுக்கு மீறிக் காற்று நுழைந்தால் பெட்ரோலின் பங்கு குறையும். என்ஜின் அதிகமாகச் சூடேறும். நாளடைவில் வால்வு கருகிப்போகலாம். சிறிய கேஸ்கெட்டை மாற்றி முடிக்க வேண்டிய வேலை, என்ஜினையே பிரிக்கும் பெரிய செலவாகிவிடும்!

இந்தச் சோதனைகளைத் திறந்த வெளியில் செய்ய வேண்டும். என்ஜின் புகை மூடிய அறையில் உயிரைக் குடிக்கும். கியரை நடுவில் வைத்து, கை பிரேக்கையும் போட வேண்டும். சேலைத் தலைப்பு, துண்டு, தலைமுடி எதுவும் மின்விசிறி போலச் சுழலும் காற்றாடியின் அருகே போகக்கூடாது.

ஓட்டையை அடைத்த பிறகே ஸ்குரூவைத் தொட வேண்டும். அப்போது லேசாகத் திருகினாலே போதும். உறுமல் அடங்கிவிடும்!