டெர்மினலை நம்பவைக்கும் கலை

நூறு சர்வர்களில் ஒரே கட்டளையை ஓட்ட வேண்டும். ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டினால், முதல் சர்வரிலேயே நின்றுவிடுகிறது. தொலைவிலுள்ள சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச், கடவுச்சொல் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது. விடையைப் பைப் வழியாக ஊட்டினாலும் அது ஏற்பதில்லை. கடவுச்சொல்லை அது வழக்கமான உள்ளீட்டிலிருந்து படிப்பதே இல்லை. டெர்மினலை நேரே திறந்து படிக்கிறது. எதிரே ஆள் இருக்கிறார் என்பதற்கு அதற்குத் தெரிந்த அடையாளம் டெர்மினல் மட்டும்தான்.

வேறு கட்டளைகளும் இதே அடையாளத்தைத்தான் பார்க்கின்றன. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ், டெர்மினல் என்றால் பெயர்களை வரிசை வரிசையாக அடுக்கும். பைப் என்றால் வரிக்கு ஒன்றாகத் தரும். மறுமுனையில் டெர்மினல் உண்டா என்று இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் கேட்கலாம். மனிதர் உண்டா என்று கேட்க வழியே இல்லை.

என் வியப்பெல்லாம் அந்த இடைவெளியில்தான். யூனிக்ஸ் கெர்னலே போலி டெர்மினல் ஒன்றைச் செய்து கொடுக்கிறது. அதற்கு இரண்டு முனைகள். ஒரு முனை அசல் டெர்மினலாகவே நடந்துகொள்ளும்: தட்டிய எழுத்தைத் திருப்பிக் காட்டும், கடவுச்சொல் என்றால் மறைக்கும், கன்ட்ரோல்-சி வந்தால் ஓடும் நிரலுக்குச் சமிக்ஞை அனுப்பும். மனிதர் உட்கார வேண்டிய மறுமுனையில் இன்னொரு நிரல் உட்கார்ந்துகொள்ளும்.

அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட்டில் பணியாற்றிய டான் லிபெஸ், இதை வைத்து 1990-இல் 'எக்ஸ்பெக்ட்' என்ற கருவியை அறிமுகப்படுத்தினார். நான்கே சொற்களில் அதன் சாரம் அடங்கிவிடும். 'ஸ்பான்' நிரலைப் போலி டெர்மினலில் தொடங்கிவைக்கும். 'எக்ஸ்பெக்ட்' குறிப்பிட்ட கேள்வி வரும்வரை காத்திருக்கும். 'சென்ட்' பதிலைத் தட்டும். நான்காவதான 'இன்டராக்ட்' எனக்கு மிகவும் பிடித்தது: சலிப்பான தொடக்க வேலைகளை முடித்துவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் நிரலை அப்படியே நம் கையில் ஒப்படைத்துவிடும். மனிதர் தட்டுவதுபோல எழுத்துக்கு எழுத்து இடைவெளியை மாற்றி மாற்றித் தட்டவும் 'சென்ட்'டுக்குத் தெரியும்!

ஒன்று மட்டும்: கடவுச்சொல்லை ஸ்கிரிப்ட்டுக்குள் வெளிப்படையாக எழுதிவைக்காதீர்கள். எஸ்எஸ்எச்சுக்குச் சாவி இணைகளே சரியான வழி.

லினக்ஸில் டெர்மினல் சன்னலைத் திறந்து, டி-டி-ஒய் என்ற மூன்று எழுத்துக் கட்டளையைத் தட்டிப் பாருங்கள். விடையில் பி-டி-எஸ் என்ற எழுத்துகள் இருக்கும். நீங்கள் தட்டிக்கொண்டிருப்பதும் ஒரு போலி டெர்மினலில்தான்.