அம்மாவுக்கு ஒரு ரெஸ்ட் கிவர்

ரயில்வேயில் வேலை பார்த்தவர்களுக்கு 'ரெஸ்ட் கிவர்' என்ற சொல் தெரிந்திருக்கும். லெவல் கிராசிங் கேட் கீப்பரின் வார ஓய்வு நாளில் அவர் இடத்தில் வந்து நிற்பவர்தான் ரெஸ்ட் கிவர். மாற்று ஆள் வராமல் கேட் கீப்பர் இடத்தை விட்டு நகரக் கூடாது. தூக்கக் கலக்கத்தில் ஒருவர் கேட்டைத் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பங்காருப்பேட்டைப் பக்கம் பாதைப் பிரிவில் இருந்த காலத்தில் இந்த டியூட்டிப் பட்டியலை எத்தனையோ முறை போட்டிருக்கிறேன்.

அப்படிப்பட்ட நான், என் சொந்த வீட்டில் ஒருத்தி ஓய்வே இல்லாமல் வருடக்கணக்கில் டியூட்டி பார்ப்பதைக் கவனிக்கவில்லை. அவள் என் மருமகள்.

எங்கள் பேரன் குறைமாதத்தில் பிறந்தவன். ஆறு மாதமாகியும் தலை நிற்கவில்லை. தூக்கினால் இரண்டு கால்களும் கத்தரி போலப் பின்னிக்கொள்ளும். எதை எடுப்பதற்கும் வலது கைதான். மருமகள் கவலைப்பட்டபோது, "நம்ம வீட்டில் எல்லோரும் லேட்தாம்மா, உன் வீட்டுக்காரன் ஒன்றரை வயசிலேதான் நடந்தான்" என்று சொன்னவன் நான். அந்தப் பேச்சால் எட்டு மாதம் வீணாயிற்று. தண்டவாளத்தில் மயிரிழை விரிசல் கண்டால் அன்றே வண்டியை நிறுத்தியோ மெதுவாக்கியோ வேலை தொடங்குவோம். வீட்டில் அதைச் செய்யத் தவறிவிட்டேன்.

பெருமூளை வாதம் என்பது

டாக்டர்கள் செரிப்ரல் பால்சி என்று சொல்வதுதான் பெருமூளை வாதம். குழந்தை பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ மூளையின் ஒரு பகுதி பழுதடைவதால் இது வருகிறது. உலகில் 1000 குழந்தைகளுக்கு ஏறத்தாழ 2, 3 பேருக்கு இது உண்டு. தொற்றாது. மூளையில் உள்ள பழுது வளராது. ஆனால் பயிற்சி இல்லாவிட்டால் தசை இறுகி மூட்டுகள் மடங்கிப்போகும். நான்கு மாதத்தில் தலை நிற்காவிட்டாலும், உடம்பு விறைப்பாகவோ துவண்டோ இருந்தாலும், ஒரு வயதுக்குள் ஒரே கையை மட்டும் பயன்படுத்தினாலும், பால் குடிக்கத் திணறினாலும் உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். என்னைப் போல ஆறுதல் சொல்லிக்கொண்டு இருக்காதீர்கள்.

பேச்சு வராத குழந்தைக்குப் புத்தியும் இல்லை என்று முடிவு கட்டுவது பெரிய தவறு. தன் மகள் மாலினிக்காக மிதூ ஆலூர் 1972இல் பம்பாயில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவைத் தொடங்கினார். அந்த மாலினி சிப் பிற்பாடு கல்லூரிப் பட்டம் பெற்று, லண்டனில் முதுகலையும் படித்து, நூலாசிரியரும் ஆனார். எங்கள் பேரனுக்கும் பேச்சு வரவில்லை. ஆனால் வீட்டில் பேசும் தமிழும் புரிகிறது, பிசியோதெரபிஸ்ட் "இல்லி பா" என்று கூப்பிட்டாலும் சிரிக்கிறான்.

எங்கே போவது, என்ன வாங்குவது

பெங்களூரில் இருப்பது ஒரு வசதி. இந்திராநகரில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் கர்நாடகா இருக்கிறது. என்.எஸ். ஹேமா 1959இல் தொடங்கிய ஏ.பி.டி. அமைப்பு லிங்கராஜபுரத்தில் இருக்கிறது. சென்னைக்கு மாறிப் போகிறவர்களுக்குக் கோட்டூர்புரத்தில் 1985 முதல் நடக்கும் வித்யா சாகர் உண்டு.

முதலில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கிவிடுங்கள். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் 'நிரமயா' காப்பீட்டில் வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு. பயிற்சிச் செலவும் அதில் சேரும். துணையின்றிப் பயணம் செய்ய முடியாதவர் என்ற சான்றிதழ் இருந்தால், ரயிலில் ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி வகுப்புகளில் குழந்தைக்கும் துணைக்கு வருபவருக்கும் 75 சதவீதச் சலுகை உண்டு.

சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டுபவர்கள் ஒரு கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் வேண்டும். எங்கள் வாசற்படி ஆறு அங்குலம், அதனால் சாய்தளம் ஆறு அடி. கொத்தனார் மூன்று அடி போதும் என்றார். நான் விடவில்லை.

எதுவும் தீர்க்காத ஒன்று

இத்தனையும் செய்தோம். ஆனால் மருமகளின் நாள் மாறவில்லை. காலையில் கைகால்களை நீட்டி மடக்கும் பயிற்சி. ஒரு வேளை சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம். நிமிர்ந்து உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும், இல்லாவிட்டால் புரையேறும். இரவில் நான்கைந்து முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இப்போது பேரனுக்கு ஐந்து வயது, எடை 15 கிலோ. அவளுக்கு முதுகு வலி. கும்பகோணத்தில் இருந்திருந்தால் அத்தை, சித்தி என்று நாலு கை இருக்கும். இங்கே பக்கத்து ஃபிளாட்டில் யார் என்றே தெரியாது.

வருகிறவர்கள் பரிகாரம் சொன்னார்கள், எண்ணெய் சொன்னார்கள். "உங்க பக்கமா, அவங்க பக்கமா?" என்றும் கேட்டார்கள். அவள் விசேஷங்களுக்குப் போவதையே நிறுத்திக்கொண்டாள்.

போன வருடம் எங்கள் தெருவில் ஓர் அம்மாள் மட்டும், "எனக்கும் ஊட்டக் கற்றுக் கொடும்மா" என்று கேட்டார்கள். அதைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. 35 வருடம் டியூட்டிப் பட்டியல் போட்டவன் என் வீட்டுக்கு ஒன்று போடவில்லையே!

நானும் என் மனைவியும் பயிற்சி மையத்துக்குப் போய், எப்படித் தூக்குவது, எப்படி ஊட்டுவது என்று கற்றுக்கொண்டோம். செவ்வாய், வெள்ளி மதியம் 2 முதல் 5 வரை பேரன் எங்கள் பொறுப்பு. ஞாயிறு காலை அந்த அம்மாளின் முறை. முதல் செவ்வாயன்று மருமகள் சினிமாவுக்கோ கடைக்கோ போவாள் என்று நினைத்தோம். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று மணி நேரம் தூங்கினாள்.

சங்க நண்பர்களே, அல்சூரிலும் ஜாலஹள்ளியிலும் ராமமூர்த்தி நகரிலும் இப்படிப்பட்ட குழந்தைகளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கலாம். விழாக்களில் அவர்களைப் பார்க்க முடியாமல் போவதற்குக் காரணம் இதுதான். ஒவ்வொரு பகுதியிலும் நான்கு வீடுகள் சேர்ந்தால், வீட்டுக்கு வாரம் இரண்டு மணி நேரம் போதும். பணம் கேட்கவில்லை. முதல் நாள் போய், "என்னால் எதைச் செய்ய முடியும், கற்றுக்கொடுங்கள்" என்று கேட்டால் போதும். பட்டியல் போடும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.